ஆறு மணி நேரத்தில் அரசுக்கு, நோயாளிக்கு எப்போது?

புது தில்லி: 2022-ம் ஆண்டு நவம்பர் 23-ம் தேதி காலை தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் செயலிழந்தன. புறநோயாளிகள் பதிவு, உள்நோயாளிகள் அனுமதி, ரத்தப் பரிசோதனை முடிவுகள், கட்டண ரசீது என மருத்துவமனையின் அன்றாட அலுவல்கள் அனைத்தையும் தாங்கி நின்ற "இ-ஹாஸ்பிடல்" அமைப்பு முடங்கியது. கோளாறு என்று முதலில் கருதப்பட்டது, சில மணி நேரத்தில் தாக்குதல் என்று தெரிய வந்தது. தகவல்களைக் குறியீடுகளாக மாற்றிப் பூட்டிவிட்டு, சாவியைத் தருவதற்குப் பணம் கேட்கும் "ரான்சம்வேர்" வகைத் தாக்குதல் அது.

நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குக் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பியது. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வந்து, நடைபாதையில் படுத்துறங்கி, விடியற்காலையில் வரிசையில் நிற்கும் ஏழை நோயாளிகளின் காத்திருப்பு மேலும் நீண்டது.

தில்லி காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. தேசியப் புலனாய்வு முகமை வரை விசாரணைக்கு வந்தது. பிணைத்தொகையாக ரூ. 200 கோடி கேட்கப்பட்டதாக வெளியான செய்தியைக் காவல்துறை மறுத்தது. தாக்குதல் எந்த நாட்டிலிருந்து தொடுக்கப்பட்டது என்ற விவாதம் தொலைக்காட்சிகளில் நாள்கணக்கில் நடந்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது, மருத்துவமனையின் கணினி வலையமைப்பு முறையாகத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்குக் காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்படாத மாற்று சர்வரில் இருந்த நகலைக் கொண்டு தகவல்கள் மீட்கப்பட்டன என்றும் அரசு கூறியது.

சர்வர் மீண்டது. ஆனால், அந்த சர்வரில் தங்கள் நோயையும் பெயரையும் ஒப்படைத்திருந்த கோடிக்கணக்கான நோயாளிகளிடம், "உங்கள் ரகசியம் பத்திரமாக இருக்கிறதா, இல்லையா" என்று யார் சொல்ல வேண்டும்? அன்று இருந்த எந்தத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அந்தப் பொறுப்பை யார் மீதும் சுமத்தவில்லை.

மாற்ற முடியாத ரகசியம்: வங்கி அட்டையின் எண் திருடு போனால் அட்டையை முடக்கிவிட்டுப் புதியதைப் பெறலாம். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை முடிவை எப்படி மாற்றுவது? மனநல சிகிச்சை பெற்றது, கருக்கலைப்பு செய்துகொண்டது, காசநோய்க்கோ எச்.ஐ.வி. தொற்றுக்கோ மருந்து உண்பது, குழந்தைப்பேறுக்காகச் சிகிச்சைக்கு அலைந்தது - இவை ஒருமுறை வெளியே போனால் போனதுதான். கொட்டிய நீரை அள்ள முடியாது.

இந்தத் தகவல்களுக்குக் கள்ளச் சந்தையில் கிராக்கி இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு மருத்துவக் கோப்பில் பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண், அடையாள அட்டை எண், காப்பீட்டு விவரம், குடும்பத்தினர் பெயர் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் கிடைக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மோசடிக்காரர் தொலைபேசியில் அழைத்து, நோயின் பெயரையும் மருத்துவமனைக்குச் சென்ற தேதியையும் சரியாகச் சொன்னால், நம்பாமல் இருக்க யாரால் முடியும்? போலிக் காப்பீட்டுக் கோரிக்கை, மிரட்டிப் பணம் பறித்தல், வேலை மறுப்பு, திருமணம் நின்றுபோதல் எனப் பாதிப்புகள் பலவகை.

இன்னொரு அபாயம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. உள்ளே புகுந்தவர் தகவலைத் திருடுவதோடு நிற்காமல் திருத்தியும் இருந்தால்? ரத்த வகையோ, ஒவ்வாத மருந்தின் பெயரோ மாறிவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. தாமதமும் கொல்லும். லண்டன் மருத்துவமனைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துதரும் நிறுவனம் 2024 ஜூனில் இதேபோன்ற தாக்குதலுக்கு உள்ளானது. பரிசோதனை முடிவு கிடைக்க நேர்ந்த நீண்ட தாமதமும் ஒரு நோயாளியின் மரணத்துக்கான காரணங்களில் ஒன்று என்று அங்குள்ள கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை நிர்வாகம் 2025-ல் ஒப்புக்கொண்டது.

தொடர்கதை: எய்ம்ஸ் சம்பவத்துக்குப் பின் ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை. 2023 ஜூனில், கரோனா தடுப்பூசிக்காக "கோவின்" தளத்தில் பதிவு செய்தவர்களின் விவரங்கள் "டெலிகிராம்" செயலியில் கிடைப்பதாகச் செய்தி வெளியானது. கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் பெயர், அடையாள ஆவண எண், தடுப்பூசி போட்டுக்கொண்ட மையம் ஆகியவை வந்து விழுந்தன. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலருடைய விவரங்களும் அதில் இருந்தன. செய்தி அடிப்படையற்றது என்றும், விஷமத்தனமானது என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் கூறியது. கோவின் தளம் நேரடியாக ஊடுருவப்பட்டதாகத் தெரியவில்லை, முன்பே திருடப்பட்ட தகவல்களே பயன்படுத்தப்பட்டுள்ளன என்று தகவல் தொழில்நுட்பத் துறை இணை அமைச்சர் விளக்கினார். பின்னர் இது தொடர்பாகப் பிகாரைச் சேர்ந்த ஒருவரைத் தில்லி காவல்துறை கைது செய்தது.

அதே ஆண்டு அக்டோபரில், 81.5 கோடி இந்தியர்களின் விவரங்கள் இணையத்தின் இருட்டுச் சந்தையில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று தெரிவித்தது. அவை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலிடம் இருந்த கரோனா பரிசோதனைத் தகவல்கள் என்று பேசப்பட்டது. டிசம்பரில் நான்கு பேர் கைது செய்யப்பட்டனர்.

2024 செப்டம்பரில் தனியார் துறையின் முறை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ அறிக்கைகளும் காப்பீட்டுக் கோரிக்கை ஆவணங்களும் டெலிகிராம் வழியே எவருக்கும் கிடைப்பதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. 3.1 கோடி வாடிக்கையாளர்களின் தகவல் தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் கொக்கரித்தார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகித் தகவல்களை முடக்க உத்தரவு பெற்றது. தான் இணையத் தாக்குதலுக்கு உள்ளானதையும், சில தகவல்கள் சட்டவிரோதமாக அணுகப்பட்டதையும் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆவணங்கள் தங்களுடையவைதான் என்று உறுதி செய்த பாலிசிதாரர்கள் சிலர், நிறுவனத்திடமிருந்து தங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை என்று அந்தச் செய்தி நிறுவனத்திடம் கூறியிருந்தனர்.

இந்த நிகழ்வுகள் அனைத்திலும் அரசு பேசியது, காவல்துறை பேசியது, நிறுவனம் பேசியது, திருடியவரும் பேசினார். தகவலுக்குச் சொந்தக்காரரான நோயாளி மட்டும் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

யாருக்கு முதல் தகவல்?: கணினி அவசரகால உதவிக் குழுவான "சர்ட்-இன்" 2022 ஏப்ரல் 28-ம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதல் குறித்து அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவமனைக்கும் இது பொருந்தும். நல்ல விதிதான். ஆனால் அது அரசுக்குச் சொல்ல வேண்டிய கடமை. நோயாளிக்குச் சொல்வது பற்றி அந்த உத்தரவில் எதுவும் இல்லை.

நோயாளியின் உரிமையைப் பேசிய சட்டம் ஒன்று உருவாகாமல் இல்லை. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதையடுத்து 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவத் தகவல் பாதுகாப்புக்கென்றே தனியாக ஒரு வரைவுச் சட்டத்தை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. "டிஷா" என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த வரைவு, மருத்துவத் தகவலின் உரிமையாளர் நோயாளியே என்று பிரகடனம் செய்தது. தகவல் கசிந்தால் அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. கடுமையான மீறலுக்குச் சிறைத் தண்டனையும் அதில் இருந்தது.

அந்த வரைவு நாடாளுமன்றத்தின் வாசலைக்கூடத் தொடவில்லை. எல்லாத் தகவல்களுக்கும் பொதுவான சட்டம் வருகிறது, தனிச் சட்டம் தேவையில்லை என்று அது ஓரங்கட்டப்பட்டது. பொதுச் சட்டமோ நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் அளித்த வரைவு, 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா, கூட்டுக் குழு ஆய்வு என்று சுற்றிவிட்டு, 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. எய்ம்ஸ் கணினிகள் முடங்கியது அதற்கு மூன்று மாதங்களுக்குப் பிறகுதான். ஊருக்குக் காவல் போடுவது எப்படி என்ற ஆலோசனை முடிவதற்குள் கன்னம் வைத்துவிட்டார்கள்.

கைவிடப்பட்டவை இரண்டு: 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் பாராட்ட வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. தகவல் கசிந்தால், தகவல் பாதுகாப்பு வாரியத்துக்கு மட்டுமல்லாமல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அது முதன்முறையாகக் கட்டாயமாக்கியது. 2019 மசோதாவில்கூட, பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லலாமா கூடாதா என்பதை ஆணையம் தீர்மானிக்கும் என்றே இருந்தது.

2025 நவம்பரில் வெளியான விதிகள் இதை மேலும் தெளிவாக்கின. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எவ்வளவு தகவல் போனது, அதனால் என்ன விளைவு நேரலாம், நிறுவனம் என்ன நடவடிக்கை எடுத்தது, பாதிக்கப்பட்டவர் தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பவற்றை எளிய முறையில் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை தர 72 மணி நேரம் அவகாசம். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் ரூ. 250 கோடி வரையிலும், கசிவைத் தெரிவிக்கத் தவறினால் ரூ. 200 கோடி வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஆனால் இந்தக் கடமைகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை. அவற்றுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அந்தக் கணக்குப்படி 2027 மே மாதத்தில்தான் அவை உயிர்பெறும்.

சேர்த்ததைப் பார்த்தோம், விட்டதையும் பார்க்க வேண்டும். ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவிலும் 2019 மசோதாவிலும் உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்புக்குரிய வகையாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. 2011-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயேகூட மருத்துவப் பதிவேடுகளுக்கு அந்தத் தகுதி இருந்தது. 2023 சட்டம் அந்த வேறுபாட்டையே நீக்கிவிட்டது. பலசரக்குக் கடைக்குக் கொடுத்த கைப்பேசி எண்ணும் புற்றுநோய் மருத்துவரிடம் கொடுத்த பரிசோதனை அறிக்கையும் சட்டத்தின் பார்வையில் ஒரே தட்டில் வைக்கப்பட்டன.

இரண்டாவது, இழப்பீடு. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரும் பிரிவு முந்தைய வரைவுகளில் இருந்தது. புதிய சட்டத்தில் இல்லை. வாரியம் விதிக்கும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். நோயாளிக்கு ஒரு ரூபாய்கூட வராது. போதாக்குறைக்கு, அலட்சியத்தால் தகவல் கசிந்தால் நிறுவனத்திடம் இழப்பீடு பெற வழி செய்யும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், புதிய கடமைகள் அமலுக்கு வரும் அதே நாளில் ரத்தாகும்படி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றத்தை நாடவும் சட்டம் தடை போடுகிறது.

அரசு மருத்துவமனையைப் பொருத்தவரை நிலைமை இன்னும் வினோதமானது. 43ஏ பிரிவு கம்பெனி போன்ற அமைப்புகளுக்கே பொருந்துவதால் எய்ம்ஸ் நோயாளிக்கு அது முன்பும் பயன்படவில்லை. இனி ஓர் அரசு மருத்துவமனைக்கு வாரியம் அபராதம் விதித்தால், மருந்து வாங்க ஒதுக்கிய அரசுப் பணம் அபராதமாக அரசின் கருவூலத்துக்கே திரும்பும். ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுவதுதான். நோயாளிக்கு அதில் என்ன நியாயம் கிடைத்தது? அதிலும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி எந்த அரசு அமைப்புக்கும் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. வாரிய உறுப்பினர்களை நியமிப்பதும் அதே அரசுதான்.

ஒரு பழைய வழக்கு: ரகசியம் வெளியானால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1998-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றே போதுமான சான்று. நாகாலாந்தைச் சேர்ந்த ஒருவர் சென்னையில் உறவினரின் அறுவை சிகிச்சைக்காக ரத்தம் கொடுத்தபோது, அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிய வந்தது. மருத்துவமனையிலிருந்து அந்தத் தகவல் வெளியே சென்றது. நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் நின்றது. சமூகம் அவரை ஒதுக்கியது. ஊரை விட்டே வெளியேறினார். அவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கில், மணமகளின் உயிரைக் காக்கும் உரிமை மேலானது என்று கூறி நீதிமன்றம் அவரது கோரிக்கையை ஏற்கவில்லை. மருத்துவரின் ரகசியக் காப்புக் கடமை எந்த எல்லை வரை என்ற விவாதத்தில் இன்றளவும் அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது.

அந்த வழக்கில் ரகசியம் சென்றடைந்தது ஒரு குடும்பத்தையும் ஒரு சமூகத்தையும்தான். இன்று ஒரு சர்வர் உடைந்தால் அது உலகத்துக்கே போகிறது. அங்கே மணமகளின் உயிர் போன்ற நியாயம் எதையும் யாரும் காட்ட முடியாது.

நல்ல முன்மாதிரி நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், நோயாளிகளின் பதிவேடுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. வழக்கு தொடுப்பவரின் பெயரை மறைத்து விசாரிக்க வழி செய்கிறது. மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமும் நோயாளியின் ரகசியத்தை அவருடைய உரிமையாக அங்கீகரிக்கிறது. இரண்டு நோய்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம் மற்ற நோயாளிகளுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

வெளிநாடுகளில்: அமெரிக்காவில் 2009-ம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி, மருத்துவத் தகவல் கசிந்தால் 60 நாள்களுக்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பாதிக்கப்பட்டோர் 500 பேரைத் தாண்டினால் அங்குள்ள ஊடகங்களுக்கும் அறிவிக்க வேண்டும். அத்தகைய கசிவுகளின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. எந்த மருத்துவமனை எத்தனை பேரின் தகவலைத் தவறவிட்டது என்று எவரும் பார்க்கலாம். அதனால் அங்கே திருட்டு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் "சேஞ்ச் ஹெல்த்கேர்" நிறுவனம் தாக்கப்பட்டபோது சுமார் 19 கோடி பேரின் தகவல் பறிபோனது. ஆனால் 19 கோடி என்று கணக்கிட்டுச் சொல்லும் கட்டாயமாவது அங்கே இருக்கிறது.

பின்லாந்தில் 2020-ல் நடந்தது இன்னும் கொடுமையானது. "வஸ்தாமோ" என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் பதிவேடுகளைத் திருடியவர், நிறுவனம் பணம் தராததால் நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் கடிதம் அனுப்பினார். பணம் தராவிட்டால், மருத்துவரிடம் மனம் விட்டுச் சொன்னவை ஊருக்குத் தெரியும் என்று மிரட்டினார். பாதிக்கப்பட்டோர் சுமார் 33,000 பேர். நிறுவனம் திவாலானது. குற்றவாளிக்கு 2024-ல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. திருடர்கள் நோயாளியின் வீட்டுக் கதவையே தட்டக்கூடும் என்பது இதில் உள்ள பாடம். நிறுவனமோ அரசோ அவரை முந்திக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும்.

அறிவிப்பிலும் ஆபத்து: நோயாளிக்குத் தெரிவிப்பதும் சொல்வது போல எளிதன்று. அரசு மருத்துவமனைக்கு வரும் பலர் தங்கள் கைப்பேசி எண்ணைத் தருவதில்லை. கணவர், மகன், அண்டை வீட்டுக்காரர் எண்ணைத் தருகிறார்கள். "நீங்கள் சிகிச்சை பெற்ற மனநலப் பிரிவின் தகவல்கள் கசிந்துவிட்டன" என்ற குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குப் போனால், திருடர் செய்யாத வேலையை மருத்துவமனையே செய்ததாகிவிடும்.

மொழிப் பிரச்சினையும் உண்டு. தகவலைப் பெறும்போது தரப்படும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது 2023 சட்டம். கசிந்த பிறகு தரப்படும் அறிவிப்புக்கு அப்படி ஒரு நிபந்தனை விதிக்கப்படவில்லை. "எளிய முறையில்" என்றால் யாருக்கு எளிது? தில்லியில் சிகிச்சை பெற்ற ஒடியா பேசும் தொழிலாளிக்கு ஆங்கிலக் கடிதம் எந்த வகையில் எளிது?

இப்போது என்ன செய்யலாம்: சட்டம் முழுமையாக அமலுக்கு வரும் வரை நோயாளி கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. தன் தகவல் கசிந்தது என்று ஐயம் ஏற்பட்டால், மருத்துவமனையிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வது முதல் வேலை. மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. அந்த நகலில் தவறான மாற்றம் ஏதும் இல்லை என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். தெரியாமல் காப்பீட்டுக் கோரிக்கை ஏதும் எழுப்பப்பட்டுள்ளதா என்று பாலிசிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

ஆதார் எண் வெளியே போயிருந்தால் கைரேகை, கருவிழிப் பதிவுகளைத் தற்காலிகமாகப் பூட்டி வைக்கலாம்; 12 இலக்க எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க மாற்று எண்ணைப் பயன்படுத்தலாம். தன் பெயரில் வேறு எவரும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதைக் கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கொரு முறை இலவசமாகத் தரும் அறிக்கையைக் கொண்டு அறியலாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காமல், செய்தியை அழிக்காமல், சைபர் குற்றப் பிரிவில் புகார் தருவதே பாதுகாப்பு.

கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நுகர்வோர் நீதிமன்றமும் இருக்கிறது. மருத்துவம் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. நம்பிக்கையுடன் தரப்பட்ட தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளிப்படுத்துவது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். திருட்டுக்கு இடம் கொடுத்த அலட்சியமும் இதில் அடங்குமா என்பதை வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும். அனைவருக்கும் இலவச சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையின் நோயாளிக்கு இந்தக் கதவும் திறக்காது. மிகவும் ஏழைக்குத்தான் மிகவும் குறைந்த பாதுகாப்பு.

அரசின் கடமை: ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை 2021 செப்டம்பரில் பிரதமர் நாடு முழுவதற்கும் தொடங்கி வைத்தார். அதன் கீழ் 14 இலக்க சுகாதார அடையாள எண் பெற்றவர்களின் எண்ணிக்கை 70 கோடியைத் தாண்டிவிட்டது. இந்தத் திட்டத்தால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய மருந்துச் சீட்டு தொலைந்துபோன நோயாளிக்கு அது வரப்பிரசாதம். ஆனால், இத்தனை கோடி மக்களின் நோய் விவரங்களைக் கணினியில் ஏற்றுவதில் காட்டும் வேகத்தில் பாதியையாவது, அவை களவு போனால் அவர்களைக் காப்பதிலும் காட்ட வேண்டும்.

அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உடல்நலத் தகவலைத் தனி வகையாக மீண்டும் அங்கீகரிக்கலாம். நீக்கப்பட்ட இழப்பீட்டுப் பிரிவைத் திரும்பக் கொண்டுவரலாம். அபராதத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கான நிதியை உருவாக்கலாம். எந்த மருத்துவமனையில் எத்தனை பேரின் தகவல் கசிந்தது என்ற பட்டியலை வெளியிடலாம். புகார்தாரரின் பெயரை மறைத்து வாரியம் விசாரிக்கலாம். கசிவு குறித்த அறிவிப்பு நோயாளியின் தாய்மொழியில், அவர் பதிவின்போதே தேர்ந்தெடுத்த பாதுகாப்பான வழியில் செல்ல வேண்டும் என்று விதி செய்யலாம். மருத்துவமனைகளில் இதற்கென ஓர் உதவி மையமும் அமைக்கலாம். இவற்றில் பலவும் அரசின் பழைய வரைவுகளிலோ, நடைமுறையில் உள்ள வேறு சட்டங்களிலோ ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவைதான்.

ஆறு மணி நேரத்துக்குள் தனக்குத் தகவல் வர வேண்டும் என்று சட்டத்தின் துணைகொண்டு கேட்கத் தெரிந்த அரசு, அதே அவசரத்தை நோயாளியின் பெயராலும் கேட்க வேண்டும். நோயைச் சொன்னால்தான் மருந்து கிடைக்கும். வெளியே போய்விடும் என்ற அச்சத்தில் நோயாளி தன் நோயை மருத்துவரிடமே மறைக்கத் தொடங்கினால், அந்த இழப்பை எந்த மாற்று சர்வரைக் கொண்டும் மீட்க முடியாது.